கார்பன் நீலத்தில் ஒரு தெரு

வாகைக்குடிக்கு ஏழு தெரு. பஞ்சாலை கட்டிய புண்ணியவான்கள் தெருவுக்குப் பேர் யோசிக்கச் சோம்பல்பட்டு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டுவிட்டுப் போக, ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. அந்த ஏழில் மூன்றாம் தெருவில், பதினோராம் நம்பர் வீட்டு மாடியில், வாணி தட்டச்சுப் பயிலகம் நடத்திவந்த செண்பகவடிவு டீச்சர், தன் முப்பத்தெட்டாவது வயதில், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், நல்ல நேரம் பார்த்து, திரைக்கு மேலே சந்தனப் பொட்டு வைத்து, கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள்.

அவளுக்கு அப்போது இரண்டு காரியம் பாக்கி இருந்தது. ஒன்று, வருகிற தைக்குள் பயிலகத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்குவது. இரண்டு, முதல் தெரு பால்வண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்வது. முதல் காரியத்தை ஊர் முழுக்கச் சொல்லியிருந்தாள். இரண்டாவதை யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் ஊருக்குத் தெரியும். ஏழே தெரு உள்ள ஊரில் ஒரு பெண் நாலு வருஷமாக ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டு திரிந்தால் அது தெரியாமலா இருக்கும்?

பால்வண்ணன் பெங்களூர் கம்பெனி ஒன்றின் பெரிய பெரிய மிஷின்களை முதல் தெரு வீட்டிலிருந்தே கட்டி மேய்க்கிறவன். டீச்சரைவிட மூன்று வயது மூத்தவன், தனிக்கட்டை, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயந்தவன் மாதிரி பேச்சு. டீச்சருடைய அப்பா காலத்தில் இதே பயிலகத்தில் இங்கிலீஷ் லோயர் தட்டச்சுப் பரீட்சையை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் பெயிலானவன். காரணம் சின்னது. 'கமாவுக்கு ஒன்று, முற்றுப்புள்ளிக்கு இரண்டு' என்று சுவரிலேயே எழுதி வைத்திருந்தும், புள்ளிக்குப் பின்னால் இரண்டு ஸ்பேஸ் விட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் விடுவான். இன்றைக்கும் இரண்டே விரலால், கோழி கொத்துவதுபோலத்தான் அடிப்பான். டீச்சரோ கண்ணைக் கட்டிவிட்டாலும் பத்து விரலால் மழை கொட்டுவாள், ஆனால் கம்ப்யூட்டரில் எது தலை எது வால் என்று தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளாக்கினால் நல்ல ஆளாக வரும் என்று ஊர் பேசிக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை அவன் கொண்டுவந்த சி.டி. தட்டைப் போட்டு, பழைய கம்ப்யூட்டருக்குப் புது உயிர் ஏற்றினார்கள். அது பேர் கேட்டது, சொன்னாள். இருப்பிடம் கேட்டது. வேறு யாராக இருந்தாலும் நாலு எழுத்தில் எதையாவது அடித்திருப்பார்கள். செண்பகவடிவு தட்டச்சுக்காரி அல்லவா, கதவு எண், கமா, ஒரு ஸ்பேஸ், மாடி, கமா, ஒரு ஸ்பேஸ், தெரு, ஊர், வழி, பின்கோடு, முற்றுப்புள்ளி, இரண்டு ஸ்பேஸ் என்று தபால்காரர் கும்பிடுகிற மாதிரி முழு விலாசத்தையும் அடித்தாள். மிஷின் அதை அப்படியே நம்பிவிட்டது.

கருப்பு ஜன்னல் திறந்தது. படமில்லை, பொத்தான் இல்லை, ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. நான் எங்கே நிற்கிறேன் என்று கேட்கிற கட்டளையைப் பால்வண்ணன் சொல்ல, அவள் அடிக்க, மூன்றாம் தெரு, பதினொன்று, மாடி என்று பதில் வந்தது. இங்கே என்னென்ன இருக்கிறது என்று கேட்கிற கட்டளையை அடித்தாள். பெஞ்சு நான்கு, தட்டச்சு மிஷின் ஏழு, பீரோ ஒன்று, பல்லி ஒன்று, செண்பகவடிவு, பால்வண்ணன் என்று வரிசையாக வந்தது. பல்லியைத் தேடினார்கள், காலண்டருக்குப் பின்னால் இருந்தது.

கம்ப்யூட்டர் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். பால்வண்ணன் தாடையைச் சொறிந்தான். "நம்ம கம்பெனி மிஷின்ல பல்லியெல்லாம் காட்டாது டீச்சர். இது புது வெர்ஷன் போல" என்றான். அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அவன் முதலில் சொல்லிக்கொடுத்தது ஓட வைக்கிற கட்டளையை அல்ல, நிறுத்துகிற கட்டளையை. கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினால் எது ஓடிக்கொண்டிருந்தாலும் நிற்கும். "ஓடத் தெரியதுக்கு முன்னால நிக்கத் தெரியணும்" என்றான். அன்றைக்கு அவன் பேசியதிலேயே அதுதான் நீளமான வாக்கியம்.

அதிசயம் ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது, பழகிப்போக மூன்றே நாள் ஆனது. முதலில் வந்தது ஐந்தாம் தெரு முடிவெட்டும் சண்முகக்கனி, தொலைந்த கத்தரிக்கோலைத் தேடி. தேடுகிற கட்டளையை அடித்ததும் நாலாம் தெரு, இருபது, கொல்லை, முருங்கைமரத்தடி என்று வந்தது. அங்கே அது எப்படிப் போனது என்பது வேறு சண்டை. அதன் பிறகு ரேஷன் அட்டை, மூக்குக்கண்ணாடி, கொலுசின் ஒற்றைத் திருகு, ஓடிப்போன வான்கோழி என்று காலை ஆறு மணிக்கே படிக்கட்டில் வரிசை நின்றது. தண்ணீர் வராத நாட்களில் குழாயடியில் நிரப்பிய டிரம்களை வீட்டுக்கு நகர்த்தித் தந்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆறாம் தெருவில் மருமகள் வந்த வீட்டுக்கு ஒரு அறை உண்டாக்கித் தந்தாள். நாலு சுவரும் கூரையுமாக நன்றாகத்தான் இருந்தது, ஜன்னல் வேண்டும் என்று கட்டளையில் சொல்லாததால் ஜன்னல் இல்லை. இரண்டாம் தெருப் பிள்ளையாரை ஐந்தாம் தெருவுக்கு நகர்த்தித் தரும்படி ஐந்தாம் தெருக்காரர்கள் கேட்டபோது மட்டும், 'அனுமதி இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது. "இதைத்தான நான் இருவது வருசமாச் சொல்லுதேன்" என்று பூசாரி ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் டீச்சர் இணங்கவில்லை. நாலாம் தெரு மாலையம்மாள் ஒருநாள் படியில் நின்று கேட்டாள்.

"ஏட்டி வடிவு, டிரம்மை நகத்துத, வான்கோழியை நகத்துத. முதல் தெருவுல இருக்க ஒரு ஆளை மூணாம் தெருவுக்கு நகத்திக்கிட வேண்டியதுதான? ஒரு வரி அடிச்சாப் போதுமே."

"ஆளு என்ன டிரம்மாக்கா?" என்றாள் டீச்சர். மறுநாள் 'காலணிகளை வெளியே விடவும்' என்ற பலகைக்குக் கீழே 'ஆட்களை நகர்த்தித் தர இயலாது' என்று இன்னொரு பலகை தொங்கியது.

புரட்டாசி பிறந்ததும் பால்வண்ணனுக்கு ஓலை வந்தது. வீட்டிலிருந்து வேலை பார்த்தது போதும், எல்லோரும் பெங்களூருக்குத் திரும்புங்கள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மாதக் கடைசித் திங்கட்கிழமை ரயிலுக்கு டிக்கெட் போட்டிருப்பதாக அவன் சொன்னபோது டீச்சர் "அப்படியா" என்றாள். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. போனால் இனி தீபாவளிக்கு வருகிற ஆள்தான் அவன், அப்புறம் தீபாவளிக்கும் வராத ஆள். நாலு வருஷத்து வார்த்தைக்கு இனி நாலு வாரம்தான் தவணை என்று ஊரும் விரல் விட்டு எண்ணியது.

போவதற்குள் டீச்சருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்று பால்வண்ணன் தினமும் வந்தான். ரயிலுக்கு ஆறு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நகல் எடுக்கிற கட்டளையைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் காப்பி குடிக்க வீட்டுக்குப் போனான். இருபது வருஷம் கார்பன் தாள் வைத்தே அடித்துப் பழகியவளுக்கு, இத்தனை நாள் நகலே இல்லாமல் ஒரு ஊரை வைத்துக்கொண்டிருந்தோமே என்று தோன்றியது. அப்போதே முழு வாகைக்குடியையும் ஒரு பிரதி எடுத்துப் பீரோவுக்குள் வைத்தாள். திறந்து பார்த்தபோது மேல்தட்டில் ஏழு தெருவும் விரற்கடை உயரத்தில், கார்பன் நீலத்தில், விளக்கு ஏற்றிய நேரமாக இருந்தது. பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள்.

புதன்கிழமை நிரல் என்கிற புரோகிராம் எழுதுகிற சாமான்களை இறக்கினார்கள். அதுவும் லேசில் நடக்கவில்லை. மொழியைக் கேட்டால், மொழி பெயர்க்கிறவன் வராமல் நான் வர மாட்டேன் என்றது. பெயர்க்கிறவனைக் கேட்டால், நூலகம் வராமல் நான் வர மாட்டேன் என்றான். நூலகத்தைக் கேட்டால், எனக்கு ஒரு சாவி வேண்டும் என்றது. சாவியைக் கேட்டால், என்னைத் தொங்கவிட ஆணி உண்டா என்றது. ஆணி வந்தது, ஆணியில் தொங்க சாவி வந்தது, சாவி வந்ததால் நூலகம் வந்தது, நூலகம் வந்ததால் பெயர்க்கிறவன் வந்தான், அவன் வந்ததால் மொழி வந்தது. சணல் கட்டிய சின்னச் சின்னப் பொதிகளாக அவை ஒன்றன்பின் ஒன்றாகப் படியேறி வர, வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். டீச்சர் தன் முதல் நிரலை எழுதினாள். ஒரே வரி, வணக்கம் சொல்கிற நிரல். ஓட்டியதும் ஏழு தெருவிலும் எல்லார் காதிலும் ஒரு 'வணக்கம்' விழுந்தது. மரியாதை தெரிந்த ஊர், செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் "வணக்கம்" என்றார்கள்.

வியாழக்கிழமை அவன் குறிப்பு எழுதுவதைச் சொல்லிக்கொடுத்தான். வரியின் தலையில் # என்று ஒரு கட்டக்குறி போட்டுவிட்டால், பின்னால் வருவதை மிஷின் கண்டுகொள்ளாது, மனுஷர் படிக்க மட்டும்தான். "அப்ப என்ன வேணும்னாலும் அடிக்கலாமா?" என்று கேட்டாள். அடிக்கலாம் என்றான். வாய்க்கு வராத வார்த்தை விரலுக்கு வந்தது. கட்டக்குறி போட்டு, 'போகாதீங்க. என்னைக் கட்டிக்கிட்டு இங்கேயே இருங்க' என்று அடித்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பால்வண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு விரலால் கொத்திக் கொத்தி ஒரு வரி அடித்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனான். அந்த வரியில் இருந்த பதில், டீச்சர் மறுநாள் முழுக்கப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாடம் நடத்தியதில் ஊருக்குத் தெரிந்துபோனது.

சந்தோஷம் வந்தால் கை வேகம் கூடும், கண் வேகம் குறையும்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஊராட்சித் தலைவி ஞானசௌந்தரி வந்தார். ஏழாம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற குப்பைமேட்டைப் பார்க்க மேலதிகாரி வருகிறாராம், அதற்குள் அள்ள முடியாது, டீச்சர்தான் மனசு வைக்க வேண்டும். இதென்ன பிரமாதம் என்று டீச்சர் கருப்பு ஜன்னலில் குப்பைமேட்டுக்குப் போய் நின்றாள். அழிக்கிற கட்டளை, பிறகு ஒரு புள்ளி, சாய்கோடு, நட்சத்திரம். புள்ளி என்றால் இந்த இடம். சாய்கோடும் நட்சத்திரமும் அதோடு ஒட்டி வந்தால் இந்த இடத்துக்குள் இருக்கிற எல்லாம். ஆனால் இருபது வருஷமாக முற்றுப்புள்ளிக்குப் பின் இரண்டு ஸ்பேஸ் விட்ட கட்டைவிரல் அன்றைக்கு மட்டும் சும்மா இருக்குமா? தட்டியது இரண்டு. புள்ளி தனியாகப் போனது. தனியாக நின்ற சாய்கோடும் நட்சத்திரமும், ஊரின் வேரிலிருந்து எல்லாம் என்று ஆனது. கண் போய்ப் படிப்பதற்குள் சுண்டுவிரல் என்டரைத் தட்டிவிட்டது.

சத்தமே இல்லை. ஜன்னல் வழியாக முதல் தெரு தெரியும். முதல் வீடு போனது, இரண்டாவது போனது, கொடியில் காய்ந்த வேட்டியும் கொடியும் போயின, சிலேட்டைத் துடைத்ததுபோல தெரு துடைபட்டுக்கொண்டே வந்தது. டீச்சர் கன்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்கினாள். முதல் தெருவின் கடைசி வீடு போனதும் அது நின்றது. சாக்கடைகூட இல்லாமல் வெறும் செம்மண் கிடந்தது. பால்வண்ணன் வீடு முதல் தெரு ஒன்பதாம் நம்பர்.

டீச்சர் அழவில்லை, அழ நேரமில்லை. இடுப்புச் சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தாள். நகலிலிருந்து முதல் தெருவை எடுத்து அதன் இடத்தில் வைக்கிற வரியை அடித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக, கட்டையைப் பார்த்துப் பார்த்து, இரண்டே விரலால் அடித்தாள். மூன்று தடவை வாய்விட்டுப் படித்தாள், தலைவியையும் ஒரு தடவை படிக்கச் சொன்னாள், அதற்குப் பிறகுதான் என்டர்.

முதல் தெரு திரும்பி வந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலமாக வந்தது. தெருவிளக்கெல்லாம் உச்சி வெயிலில் எரிந்தது. ஜனங்கள் வாசலுக்கு வந்து, இப்போதுதானே விளக்கு வைத்தோம், அதற்குள் என்ன வெயில் என்று வானத்தைப் பார்த்தார்கள். எல்லோர் மேலும் லேசாக ஒரு நீலம். தொட்டால் கையில் ஒட்டியது. கார்பன் பிரதி வேறு எப்படி இருக்கும்?

ஊர் கூடிப் பேசி, அன்று மத்தியானத்துக்குள் எல்லாவற்றுக்கும் வழி பண்ணியது. முதல் தெருவில் வீட்டுக்கு நாலு காலண்டர் தாள் கிழிக்கச் சொல்லி, கிழித்த பிறகு அவர்களும் சனிக்கிழமைக்கு வந்தாயிற்று என்று தலைவி அறிவித்தார். புதன்கிழமை பீடியை விட்ட அருணாசலம் மறுபடியும் விட வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சுலபமாம். கஷ்டம் அதே தெரு மாரிச்செல்விக்குத்தான். வியாழக்கிழமை பெண்பிள்ளை பெற்று அன்று காலைதான் வீட்டுக்கு வந்திருந்தவள், இப்போது நிறைமாத வயிற்றோடு வாசலில் நின்றாள்.

"ஒரு தடவ பெத்தது பத்தாதா? மறுபடியும் நானேவா?" என்று கேட்டாள். டீச்சர் காலில் விழப் போனாள், மாரிச்செல்வி விடவில்லை. "எதுக்குக்கா விழுதீங்க? நகல் எடுத்து வைக்கலன்னா நானும் இல்ல, எம்பிள்ளையும் இல்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் அதே பிள்ளை, அதே காதோர மச்சத்தோடு மறுபடி பிறந்தது. நர்ஸம்மா அதைப் பார்த்ததும் "வாட்டி" என்று பழகிய ஆளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாளாம்.

பால்வண்ணனும் செவ்வாய்க்கிழமைக்காரனாகத்தான் திரும்பியிருந்தான். வியாழக்கிழமையைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது, நாளைக்கு ரயில். ஊருக்குத் தெரியும் அவன் என்ன பதில் சொன்னான் என்று, ஆனால் யாரும் அவனிடம் வாய் திறக்கவில்லை. அவன் சொன்னதை அவன்தான் சொல்ல வேண்டும் என்று கூட்டத்திலேயே முடிவாகிவிட்டது. மாலையம்மாள்கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவன் வாசலைக் கடந்து போனாள்.

டீச்சருக்கு வேறு ஒரு வழி இருந்தது. கருப்பு ஜன்னல் தன்னில் அடித்ததை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கும், மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டினால் பழைய வரிகள் ஒவ்வொன்றாக வரும். தட்டினாள். வியாழக்கிழமையின் இரண்டு வரிகளும் பத்திரமாக வந்து நின்றன. கேள்வியும் இருந்தது, அவன் அடித்த பதிலும் இருந்தது. கூப்பிட்டுக் காட்டினால் போதும், நல்ல மனுஷன், அடித்த வார்த்தையை மாற்ற மாட்டான். ஆனால் வியாழக்கிழமை மழை பெய்தது. மழை நாளில் மனுஷன் எதற்கும் சரி என்பான். அன்றைக்கு வந்த பதில் அந்த நாளுடையதா, அவனுடையதா? இதைக் காட்டிக் கட்டிப்போட்டால், ஒரு வரி அடித்து ஆளை நகர்த்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவள் சுவரில் தொங்கிய தன் பலகையைப் பார்த்தாள். பிறகு பழைய வரிகளையெல்லாம் அழிக்கிற கட்டளையை அடித்து, இரண்டு தடவை படித்து, என்டரைத் தட்டினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அவள் கண்ணைத் துடைத்து முடிக்கையில் பால்வண்ணன் படியேறி வந்தான். பின்னாலேயே பாதி ஊர் சத்தமில்லாமல் படியில் வந்து உட்கார்ந்தது. அவன் முகம் லேசான நீலமாக இருந்தது.

"நேத்து காப்பி ஆத்திக்கிட்டு இருந்தேன் டீச்சர். ஒரு வாய் குடிக்கதுக்குள்ள சனிக்கிழமை ஆயிட்டு. என்ன நடந்துது?"

"நான்தான் அழிச்சேன். புள்ளிக்கு அப்புறம் ரெண்டு ஸ்பேஸ் விட்டுட்டேன்."

அவன் சிரித்தான். "ஒரு ஸ்பேஸ் விட்டதுக்கு என்னைய மூணு தடவ பெயிலாக்குன இடம்லா இது."

அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரிப்போடு சிரிப்பாகத் தைரியமும் வந்தது. "வியாழக்கிழமை நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க பதிலும் சொன்னீங்க. கேட்டதை இப்ப திரும்பக் கேக்குதேன். நீங்க சொன்ன பதிலை மட்டும் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு விரலால் அல்ல, வாயால் சொன்னாள். "போகாதீங்க. என்னைக் கட்டிக்கிட்டு இங்கயே இருங்க."

பால்வண்ணன் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து, எதையோ தேடி, அவளிடம் நீட்டினான். ரயில் டிக்கெட் ரத்து செய்யப்பட்டது என்று இருந்தது.

"தேதியப் பாருங்க டீச்சர்."

பார்த்தாள். திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. செவ்வாய்க்கு முந்தின திங்கள். அவள் கேட்டதற்கு மூன்று நாள் முன்னால்.

"கம்பெனிக்கும் அன்னைக்கே எழுதிட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல. தினமும் சொல்லணும்னுதான் வருவேன், வந்து வேற எதையாவது சொல்லிக் குடுத்துட்டுப் போயிருவேன்." பிறகு அவனே கேட்டான். "நான் என்ன பதில் சொன்னேன்?"

"சரி டீச்சர்னு அடிச்சீங்க" என்றாள் செண்பகவடிவு. "அதுலயும் ஒரு எழுத்து விட்டுப்போச்சு."

படிக்கட்டில் யாரோ குலவை போட்டார்கள், மாலையம்மாளாகத்தான் இருக்க வேண்டும். போனைத் திருப்பிக் கொடுக்கையில் அவன் விரல் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் நீலம் ஒட்டிக்கொண்டது. அவள் அதைக் கழுவவில்லை. எல்லோரும் இறங்கிப்போன பிறகு, அந்த விரலாலேயே, அந்த ஞாயிற்றுக்கிழமை வாகைக்குடியை நகல் எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். வழக்கமாக ஒரு பிரதி போதும். அன்றைக்கு மூன்று எடுத்தாள்.